தமிழ் மேடையில் சரளம், ஆங்கில செமினாரில் திணறல்: மொழியா, பயமா?

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் பேருந்தில் பாளையங்கோட்டைக்கு வந்து எம்.சி.ஏ. படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். பட்டிமன்றங்களிலும் பேச்சுப் போட்டிகளிலும் பரிசு பெற்றவர். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பெரிய பிழையில்லாமல் எழுதிவிடுகிறார். ஆனால் அதே ஆங்கிலத்தில் செமினார் எடுக்க எழுந்தால் இரண்டாவது ஸ்லைடுக்குள் வாய் உலர்ந்து, நன்றாகத் தெரிந்த சொற்களும் வராமல் நின்றுவிடுகிறார். தம் தாயார் பீடி சுற்றித் தம்மைப் படிக்க வைப்பதையும், நான்கு மாதத்தில் புராஜெக்ட் வைவாவும் கேம்பஸ் இன்டர்வியூவும் வரவிருப்பதையும் சொல்லி, இது மொழி போதாமையா, பயமா, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்கிறார். பாளையங்கோட்டையில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மொழியா, பயமா என்பது ஆய்வாளர்களிடையேயும் பழைய வழக்குதான். அயல்மொழி வகுப்பறையில் எழும் பதற்றம் பொதுவான கூச்சத்திலிருந்து வேறானது என்று வாதிட்ட எலைன் ஹார்விட்ஸ், 1986-இல் தம் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து அதை அளக்க 33 கூற்றுகள் கொண்ட வினாநிரல் ஒன்றை வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் ஸ்பார்க்ஸ், கான்ஷோ என்ற இருவர் இதை மறுத்து, மொழித்திறன் குறைவுதான் முதலில் வருவது, பதற்றம் அதன் விளைவு மட்டுமே என்றார்கள். அப்படியானால் மொழியை நன்கு கற்றுத் தேர்ந்தவர்களும் ஏன் பதறுகிறார்கள் என்று ஹார்விட்ஸ் திருப்பிக் கேட்டார். பொதுவாகப் பார்த்தால் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை வேண்டிய சான்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தமிழில் மேடை ஏறுகிறீர்கள் என்பதால் இது பொதுவான மேடைப் பயம் அல்ல. ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதுகிறீர்கள் என்பதால் மொழி தெரியாமையும் அல்ல. எஞ்சுவது ஒன்றுதான்: தெரிந்த மொழியைப் பேச்சின் வேகத்துக்குக் கோத்துத் தரும் பழக்கம் போதவில்லை, அந்தக் குறையின் மேல்தான் பயம் வந்து உட்காருகிறது. ஆகவே முதலில் பழக்கத்தைத் தேடுங்கள். பயத்தை மட்டும் விரட்டப் புறப்பட்டால் அது மறுபடியும் வரும்.

பேசும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு வில்லெம் லெவெல்ட் என்ற டச்சு உளமொழியியலாளர் 1989-இல் தந்த விளக்கம் இன்றும் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. என்ன சொல்வது என்று தீர்மானிப்பது ஒரு வேலை. அதற்குச் சொல்லும் இலக்கண வடிவமும் தேடிக் கோப்பது இரண்டாவது வேலை. வாயால் ஒலிப்பது மூன்றாவது. இவை எல்லாவற்றையும் மேலிருந்து கவனித்துப் பிழை திருத்தும் கண்காணிப்பு ஒன்றும் உண்டு. தாய்மொழியில் இரண்டாவதும் மூன்றாவதும் தாமாகவே நடந்துவிடுவதால் கவனம் முழுவதையும் முதல் வேலைக்குக் கொடுக்க முடிகிறது. உங்கள் தாயார் இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரோடு ஊர்க்கதை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாகச் சுற்றப் பழகும் பெண்ணால் அப்படிப் பேச முடியாது, பேசினால் பீடி தளர்ந்துவிடும். ஆங்கிலத்தில் நீங்கள் இப்போது அந்தப் புதிய பெண்ணின் நிலையில் இருக்கிறீர்கள். பொருளைப் பற்றி யோசிக்க வேண்டிய கவனத்தில் பெரும்பங்கு சொல் தேடுவதிலும், வினைச்சொல்லின் காலத்தைச் சரிபார்ப்பதிலும் செலவாகிவிடுகிறது. எழுதும்போது இந்தச் சிக்கல் தெரியாததற்குக் காரணம் எளிது: தாள் உங்களை அவசரப்படுத்துவதில்லை.

பயம் தின்பதும் இதே கவனத்தைத்தான். மெக்கின்டயர், கார்ட்னர் இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, பதற்றம் மொழியை உள்வாங்கும்போதும், மனத்தில் கையாளும்போதும், வெளியே சொல்லும்போதும் குறுக்கிடுகிறது என்று காட்டியது. கடைசி வரிசையில் யார் சிரித்தார், மேடம் முகம் ஏன் சுருங்கியது, சற்றுமுன் சொன்ன வாக்கியம் தப்போ என்றெல்லாம் மனம் ஓடும்போது, ஏற்கெனவே பற்றாக்குறையாக இருந்த கவனம் இன்னும் குறைகிறது. சொல் வரத் தாமதமாகிறது. தாமதத்தைக் கண்டு பயம் கூடுகிறது. இரண்டாவது ஸ்லைடில் நடப்பது இதுதான். முதல் ஸ்லைடில் ஏன் நடப்பதில்லை என்றால், 'குட் மார்னிங் ஒன் அண்ட் ஆல்' முதல் தலைப்பை வாசிப்பது வரை எல்லாம் பள்ளிக்காலத்திலிருந்தே மனப்பாடம். அதற்குக் கவனமே தேவைப்படுவதில்லை.

தமிழில் யோசிப்பவருக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. அதை எங்கள் வகுப்புகளில் போதிய அளவு சொல்லித் தருவதில்லை என்பது என் கருத்து. 2023 டிசம்பர் வெள்ளத்தை ஒருவர் தமிழில் இப்படிச் சொல்வார்: "ராத்திரி ஆற்றுத் தண்ணீர் புகுந்த எங்கள் தெருவிலிருந்து பாட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம்." இதில் 'நாங்கள்' என்ற எழுவாய் வெளியே வரவே இல்லை; செயல் கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அதற்குமுன் எத்தனை விவரத்தையும் அடுக்கிக்கொண்டே போகலாம். அடுக்கும் நேரத்தில் முடிவை யோசித்துக்கொள்ளவும் செய்யலாம். ஆங்கிலம் அந்த அவகாசத்தைத் தராது. யார், என்ன செய்தார் என்ற இரண்டையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் விவரங்களுக்குப் போக முடியும். தமிழ் வரிசையிலேயே மனத்தில் வாக்கியத்தைத் தொடங்குகிறவர் 'லாஸ்ட் டிசம்பர் ரெயின் டைம் அவர் ஸ்ட்ரீட் வாட்டர்' என்று ஏழு சொல் வந்தபின் போக வழியில்லாமல் நிற்கிறார். அவருக்குச் சொற்களெல்லாம் தெரியும். வாக்கியத்தைத் தவறான முனையிலிருந்து தொடங்கிவிட்டார், அவ்வளவுதான். மாற்று இதுதான்: "வீ லெஃப்ட் அவர் ஹவுஸ் அட் நைட். த ரிவர் வாஸ் இன் அவர் ஸ்ட்ரீட். வீ கேரீட் மை கிராண்ட்மதர் டு த ஸ்கூல்." மூன்றும் சிறிய வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஆள் அல்லது பொருள் முதலில், வினை இரண்டாவதாக. தமிழ் மேடையில் நீண்ட வாக்கியம் பேசிக் கைதட்டல் வாங்கியவர்களுக்கு இப்படிப் பேசுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். அந்தக் கூச்சத்தை விட வேண்டும். ஆங்கிலத்தில் நல்ல மேடைப் பேச்சு பெரும்பாலும் சிறு வாக்கியங்களால் ஆனதே.

இங்கே உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் மேடையில் பேசும் தமிழ் உங்கள் வீட்டுத் தமிழ் அல்ல. வீட்டில் 'ஏளா, எங்க போயிட்டு வாரே' என்று பேசுகிற பிள்ளை, ஒலிபெருக்கி முன் நின்றதும் 'அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்' என்று தொடங்குவதை நாம் இயல்பு என்று நினைக்கிறோம். அந்த மேடைத் தமிழும் கற்றுக்கொண்ட ஒன்றுதான். கோயில் கொடையில் கேட்ட சொற்பொழிவு, தேவாலயப் பிரசங்கம், தேர்தல் கூட்டம், பொங்கல் விழாப் பட்டிமன்றம் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காதில் விழுந்து, அதன் ஓசையும் அடுக்கும் உங்களுக்குள் பதிந்தன. பிறகு அதே சொற்றொடர்களை எடுத்துப் பேசிப் பேசிப் பழகினீர்கள். அடுக்குமொழிக்குப் பெயர்போன ரா. பி. சேதுப்பிள்ளையைத் தந்த இராசவல்லிபுரம் தாமிரபரணிக் கரையில்தான் இருக்கிறது. இந்த மண்ணில் மேடைத் தமிழைக் கேட்டு வளர்வதற்குப் பஞ்சமில்லை. ஆங்கிலமோ உங்கள் காதில் விழவே இல்லை. ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் 1820-இல் வந்து பணி தொடங்கிய காலம் முதல் பள்ளிகளும் கல்லூரிகளும் பெருகிப் பாளையங்கோட்டைக்குத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்ற பட்டமே கிடைத்தது; ஆனாலும் பேருந்தில் வந்துவிடும் தொலைவில் உள்ள ஊரில் ஆங்கிலப் பாடத்தையும் தமிழில் விளக்கி, வினா விடையை எழுதிப் பார்த்து, எழுத்துத் தேர்வில் மதிப்பெண் வாங்குவதே வழக்கமாக இருக்கிறது. நீங்கள் அனுபவித்தது கண்ணால் படித்த ஆங்கிலம். ஆகவே நல்ல ஆங்கில உரைகளைத் தினமும் சிறிது நேரம் கேளுங்கள். புதிய உரையாகத் தேடி ஓடாமல், பிடித்த ஒரே ஐந்து நிமிட உரையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பேசுபவர் எங்கே நிறுத்துகிறார் என்று கவனித்து, அவரோடு சேர்ந்தே சொல்லிப் பாருங்கள்.

எங்கே குறை என்று துல்லியமாக அறிய ஒரு சோதனை செய்யலாம். உங்கள் புராஜெக்டைப் பற்றி மூன்று நிமிடம் பேசுங்கள்: முதலில் அறையில் தனியாக ஆங்கிலத்தில், பிறகு மூன்று பேர் முன் தமிழில், கடைசியாக அதே மூன்று பேர் முன் ஆங்கிலத்தில். மூன்றையும் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். தனியாகப் பேசியபோதும் வாக்கியத்தின் நடுவில் அடிக்கடி நின்றிருந்தால் பழக்கமே முதல் தேவை. தனியாகச் சரளமாக வந்து, ஆட்கள் முன்னால் மட்டும் உடைந்திருந்தால் ஆட்கள் முன் பேசும் பயிற்சியைக் கூட்ட வேண்டும். கேட்கும்போது நிறுத்தங்களை மட்டும் எண்ணாதீர்கள்; அவை விழும் இடத்தைப் பாருங்கள். தாய்மொழியில் பேசுகிறவரும் நிறுத்தத்தான் செய்கிறார், ஆனால் பெரும்பாலும் ஒரு கருத்து முடிந்த இடத்தில் நிறுத்துகிறார். இரண்டாம் மொழிக்காரர் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நிற்கிறார். கேட்பவருக்குத் 'திணறல்' என்று படுவது அந்த நடுநிறுத்தம்தான்.

சரளம் வளர்க்க நான் கண்ட முறைகளில் மிகப் பயனுள்ளது, மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் பரவலாக்கிய நான்கு-மூன்று-இரண்டு என்னும் பயிற்சி. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடத்திலும், உடனே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்திலும், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்திலும் சொல்ல வேண்டும். கேட்பவர் மாறிக்கொண்டே இருப்பதால் சொல்கிறவருக்குச் சலிப்பு வராது. விஷயம் மாறாததால் 'என்ன சொல்வது' என்ற முதல் வேலை தீர்ந்துபோய், கவனம் முழுவதும் கோப்பதற்குக் கிடைக்கிறது. நேரம் குறைவதால் தேவையற்ற தயக்கம் தானே உதிர்கிறது. முதல் சுற்றில் தேடித் தடுமாறிக் கண்டுபிடித்த சொற்றொடர் மூன்றாம் சுற்றில் கேட்காமலே வந்து நிற்பதை நீங்களே உணர்வீர்கள். உங்கள் புராஜெக்டையே நான்கைந்து துண்டாகப் பிரித்து, வாரம் ஒரு துண்டாக இப்படிச் சொல்லிப் பழகினால், வைவாவுக்குள் அதன் முதுகெலும்பு முழுவதும் வாய்க்கு வந்துவிடும். அன்றாடம் புதுப்புதுத் தலைப்பில் பேசச் சொல்லும் பயிற்சி வகுப்புகள் இதற்கு நேர்மாறானதைச் செய்கின்றன. தொடக்க நிலையில் அது வீண்.

யாரிடம் சொல்வது என்பதுதான் நம் ஊரில் உண்மையான சிக்கல். தப்பாகப் பேசினால் சிரிப்பு; சரியாகப் பேசினால் 'பீட்டர் விடுறா', 'பெரிய தொரசாணி வந்துட்டா' என்ற கிண்டல். இரண்டு பக்கமும் அடி விழும் இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வகுப்பு முழுவதையும் திருத்த உங்களால் ஆகாது. அதே பயம் உள்ள இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, மாலையில் காலியாக இருக்கும் வகுப்பறையில், பேசி முடிக்கும்வரை யாரும் திருத்தக்கூடாது என்ற ஒரே ஒப்பந்தத்தோடு பழகுங்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சு மன்றங்களில் 'ஆ', 'ம்' என்ற ஒலிகளை எண்ணிச் சொல்ல ஒருவரை நியமிப்பார்கள். அது பேச்சு ஓரளவு கைவந்தவருக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் உங்கள் நிலையில் கண்காணிப்பை இன்னும் கூட்டிவிடும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

மனப்பாடத்தை நான் பழிக்க மாட்டேன். தாய்மொழிப் பேச்சே பெரும்பகுதி ஆயத்தச் சொற்றொடர்களால் ஓடுகிறது என்று பாலி, சைடர் இருவரும் 1983-இலேயே எடுத்துக்காட்டினார்கள். ஆனால் முழு உரையையும் வரி பிசகாமல் நெட்டுருப் போட்டால் ஒரு வரி தவறினாலும் அடுத்தது வராது. நெட்டுருப் போட வேண்டியவை மூன்றுதான்: தொடக்க வாக்கியங்கள் சில, முடிவு வாக்கியம், ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவ உதவும் 'லெட் மீ ஷோ யூ ஹவ் இட் வொர்க்ஸ்', 'த ரீசன் இஸ் சிம்பிள்', 'தட் பிரிங்ஸ் மீ டு த நெக்ஸ்ட் பார்ட்' போன்ற இணைப்புகள். இவை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். இடைப்பட்டதைக் குறிப்புச் சொற்களை வைத்துச் சொந்தமாகப் பேசலாம். ஸ்லைடில் முழு வாக்கியங்களை எழுதிவைத்து வாசிப்பது மட்டும் கூடவே கூடாது. கண் வாசிக்கத் தொடங்கிவிட்டால் வாய் பேசுவதை நிறுத்திவிடும்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேசத் தொடங்கும் முதல் நிமிடத்தையொட்டித்தான் இதயத் துடிப்பு பொதுவாக உச்சத்துக்குப் போகிறது. பிறகு தானாகவே இறங்குகிறது. ஆகவே மனப்பாடமான தொடக்கத்தை வேண்டுமென்றே மெதுவாகச் சொல்லி அந்த ஒரு நிமிடத்தைக் கடப்பதே தந்திரம். மேடை ஏறுமுன் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால் துடிப்பு தணியும். பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்று பேசுபவர் நினைக்கிறாரோ அவ்வளவு பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. சாவிட்ஸ்கி, கிலோவிச் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். 'அமைதியாக இரு' என்று தனக்குத் தானே சொல்வதைவிட, 'எனக்குப் பரபரப்பாக, ஆர்வமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொள்வது மேல் என்று ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் காட்டினார். சிலர் சொல்லக் கேட்டு, இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் மாத்திரையைத் தேடுகிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது, மருத்துவர் எழுதித் தராமல் தொடக்கூடாது. தமிழிலும் நாலு பேர் முன் பேசவோ, சாப்பிடவோகூட முடியாத அளவுக்கு மாதக்கணக்கில் அச்சம் இருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம், 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். உங்களுக்கு அது தேவைப்படும் என்று தோன்றவில்லை.

உச்சரிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கவலைப்படுவீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. கேட்பவருக்கு அயல் வாடை பலமாகத் தெரியும் பேச்சும் முழுமையாகப் புரியக்கூடியதாக இருக்கலாம் என்பதை மன்ரோ, டெர்விங் இருவரும் 1995-இல் நிறுவினார்கள். திருநெல்வேலி வாடையை மறைக்க முயல வேண்டாம். சொல்லின் கடைசியில் 'பஸ்ஸு', 'டெஸ்ட்டு' என்று உகரம் ஒட்டுவதைக் குறைத்து, வேகத்தையும் சற்றுக் குறைத்தால் போதும்.

கடைசியாக வைவா. ஒத்திகை பார்த்த பேச்சு நன்றாகப் போய், கேள்வி நேரத்தில் உடைந்தவர்களே அதிகம். புறத்தேர்வாளர் முக்கியமாகப் பார்ப்பது, இந்த வேலையை நீங்களே செய்தீர்களா என்பதைத்தான்; ஏன் இந்த டேட்டாபேஸ், எது சரியாக வேலை செய்யவில்லை, யார் இதைப் பயன்படுத்துவார் என்பவை போன்ற கேள்விகள் பெரும்பாலும் எதிர்பார்க்கக் கூடியவையே. அவற்றில் பத்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதிலின் முதல் வாக்கியத்தை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு, ஜூனியர் ஒருவரை முறைமாற்றிக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள். கேள்வி புரியாவிட்டால் தலையாட்டி வைக்காமல் 'குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின், சார்?' என்று கேளுங்கள். அரைகுறையாகப் புரிந்தால் 'டூ யூ மீன்' என்று தொடங்கி நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லிக் காட்டுங்கள், யோசிக்க அவகாசமும் கிடைக்கும். ஒரு சொல் நினைவுக்கு வராவிட்டால், பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் அதை மட்டும் தமிழில் சொன்னாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார். கேம்பஸ் இன்டர்வியூவில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது; அங்கே சொல்லை விட்டுவிட்டு அதன் வேலையைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 'என்கிரிப்ஷன்' என்ற சொல் தொண்டையில் நின்றால், 'வீ சேஞ்ச் த டேட்டா, ஸோ நோபடி எல்ஸ் கேன் ரீட் இட்' என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். உங்கள் புராஜெக்டில் வரும் இருபது முப்பது கலைச்சொற்களுக்கும் இப்படி ஒரு வரி விளக்கத்தை இந்த வாரமே எழுதி வைத்துக்கொள்ளலாம்.